பேனாவால் அடித்த சொல்

1533 ஜூலை மாதத் தொடக்கம். இங்கிலாந்தில் ஆம்ப்ட்ஹில் என்ற ஊரில் ஒரு மாளிகை. உள்ளே நாற்பத்தேழு வயதுப் பெண்மணி ஒருவர் படுத்திருக்கிறார். காலில் ஊசி குத்திய புண், கூடவே விடாத இருமல். ராஜா அனுப்பிய ஆட்கள் வந்து நிற்கிறார்கள். தலைமை தாங்கி வந்தவர் மவுண்ட்ஜாய் பிரபு. வேடிக்கை என்னவென்றால் அவர் அந்தப் பெண்மணியின் வீட்டு நிர்வாகத்தையே கவனித்துக்கொண்டிருந்தவர். இனி அவரை அரசி என்று யாரும் அழைக்கக் கூடாது, 'பிரின்சஸ் டவேஜர்' என்றுதான் அழைக்க வேண்டும் என்று சொல்ல வந்திருக்கிறார்கள். இறந்துபோன இளவரசரின் விதவை என்று அதற்குப் பொருள்.

படுத்திருந்தவர் அராகனின் காதரீன், எட்டாம் ஹென்றியின் முதல் மனைவி. பேச்சு முடிந்ததும், ராஜாவுக்கு அனுப்பப் போகும் அறிக்கையைத் தனக்குக் காட்டச் சொன்னார். படித்தார். பேனாவும் மையும் கேட்டு வாங்கினார். 'பிரின்சஸ் டவேஜர்' என்று வந்த இடங்களிலெல்லாம் அந்தச் சொல்லை அடித்தார்.

இதைப் படித்த நாளிலிருந்து அந்தப் பேனா என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. என் பிழைப்பு தரவுத்தளங்களோடு. ஒரு அட்டவணையில் ஒரு மதிப்பை மாற்ற ஒரு நொடி போதும். ஆனால் முன்பு என்ன இருந்தது, யார் மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள் என்ற குறிப்பு இல்லாத அமைப்பை எங்கள் தொழிலில் யாரும் நம்ப மாட்டோம். ஹென்றியின் அரசாங்கம் மாற்றியதோடு நிற்கவில்லை. முந்தைய மதிப்பு எப்போதுமே இருந்ததில்லை என்று சொன்னது. காதரீனுக்கும் ஹென்றிக்கும் 24 வருடத் திருமணம். அது சட்டப்படி நடக்கவே இல்லையாம். ஐந்து மாதம்கூட நிறையாத முதல் திருமணம் மட்டும்தான் நடந்ததாம். 1502இல், பதினைந்து வயதில் செத்துப்போன ஹென்றியின் அண்ணன் ஆர்தரின் விதவைதான் அவர், வேறு யாருமில்லையாம். அறிக்கையின் மேல் விழுந்த அந்தக் கோடுகள் காதரீன் பதிந்துவைத்த மறுப்பு.

இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: அவளா, அவரா? மன்னர்களை 'வந்தான், வென்றான், கட்டினான்' என்று எழுதுவது நம் சரித்திரப் புத்தகங்களின் வழக்கம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது. அதனால் ராஜாக்களை அப்படியே விட்டுவிட்டேன். காதரீனுக்கு 'அவர்'. ஒரு பட்டத்துக்காக இவ்வளவு போராடியவருக்கு விகுதியில் கஞ்சத்தனம் காட்ட மனசு வரவில்லை.

*

காதரீன் புதைக்கப்பட்ட இடம் பீட்டர்பரோ பேராலயம். லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அலுவலக வேலையாக லண்டனில் இருந்தபோது ஒரு சனிக்கிழமை போனேன். கடைத்தெருவைத் தாண்டி ஒரு பழைய வாசலுக்குள் நுழைந்தால் எதிரே மூன்று வளைவுகள். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும் அளவுக்கு உயரம். உள்ளே கிட்டத்தட்ட 147 மீட்டர் நீளக் கட்டடம். தலைக்கு மேலே 13ஆம் நூற்றாண்டில் வண்ணம் தீட்டிய மரக்கூரை. சாய்சதுரக் கட்டங்களுக்குள் ராஜாக்கள், புனிதர்கள், விநோத மிருகங்கள். இந்த அளவில் பிழைத்திருக்கும் இடைக்காலக் கூரை ஓவியம் ஐரோப்பாவிலேயே அபூர்வம்.

இந்த இடத்தின் கதையே ஒரு ராஜாவில்தான் தொடங்குகிறது. 655 வாக்கில் மெர்சியா நாட்டு அரசன் பியாடா இங்கே ஒரு மடத்தை நிறுவினான். ஊரின் அப்போதைய பெயர் மெடஸ்ஹாம்ஸ்டெட். 870இல் டேனியர்கள் வந்து அதை அழித்தார்கள். நூறு வருடம் கழித்து எட்கர் மன்னனின் ஆதரவோடு எத்தல்வோல்ட் என்ற பிஷப் மறுபடி எழுப்பினார். சுற்றிலும் மதில் எழுந்தது. மதில் சூழ்ந்த இடத்துக்கு 'பர்க்' என்று பெயர். மடம் புனித பீட்டருக்கு உரியது. இரண்டும் ஒட்டிக்கொண்டு பின்னால் பீட்டர்பரோ ஆனது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். 1070இல் ஹியர்வார்ட் என்ற கலகக்காரன் டேனியர்களோடு சேர்ந்து வந்து மடத்தின் பொக்கிஷத்தை அள்ளிக்கொண்டு போனான். நார்மன் மடாதிபதி கையில் சிக்கக் கூடாது என்பதற்காகத்தான் எடுத்தோம் என்று ஒரு சமாதானம் வேறு.

1116 ஆகஸ்டில் ஒரு தீ. மடம் ஏறக்குறைய முழுவதும் எரிந்தது. இன்று நாம் பார்க்கும் கட்டடத்தை அதற்கு இரண்டு வருடம் கழித்து, பக்கத்து ஊரான பார்னாக்கின் சுண்ணாம்புக் கல்லால் கட்டத் தொடங்கினார்கள். முடித்து அர்ச்சிக்க 1238 ஆகிவிட்டது. 120 வருடம். அஸ்திவாரம் போட்டவரின் கொள்ளுப்பேரன்தான் கூரையைப் பார்த்திருப்பான்.

கல்லை விட எனக்குச் சுவாரஸ்யமாகப் பட்டது இன்னொரு மறுகட்டுமானம். ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்து மடங்களில் ஆண்டுவாரியாக ஒரு நாட்குறிப்பு எழுதிவந்தார்கள், லத்தீனில் அல்ல, மக்கள் பேசிய பழைய ஆங்கிலத்தில். ஆங்கிலோ சாக்ஸன் குரோனிக்கிள் என்று அதற்குப் பெயர். பீட்டர்பரோவின் பிரதியும் அந்தத் தீயில் போயிருக்க வேண்டும். 1121 வாக்கில் துறவிகள் வேறொரு மடத்திலிருந்து ஒரு பிரதியை இரவல் வாங்கி முதலிலிருந்து நகலெடுத்தார்கள். அடுத்தவர் பேக்கப்பிலிருந்து நம் சர்வரை மீட்டெடுப்பது மாதிரி.

மீட்டெடுக்கும்போது சும்மா இருக்கவில்லை. ஏழாம் நூற்றாண்டு ராஜாக்கள் தங்கள் மடத்துக்கு இன்னின்ன நிலங்களையும் சலுகைகளையும் எழுதிக்கொடுத்தார்கள் என்று சில சாசனங்களை நடுவே நுழைத்துவிட்டார்கள். பெரும்பாலும் போலிகள். பழைய தேதி போட்டுப் புதிய பதிவுகள்! எரிந்த ஆவணங்களில் என்ன இருந்தது என்று யார் கேட்கப் போகிறார்கள்? எழுதுகோல் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் 'முன்பு என்ன இருந்தது' என்பதைத் தீர்மானிக்கிறார். 400 வருடம் கழித்து ஹென்றியின் வக்கீல்கள் செய்ததும் இதுவேதான், தலைகீழாக.

ஆனாலும் அந்தத் துறவிகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நார்மன்கள் வந்தபின் மேல்மட்டத்தில் பிரெஞ்சும் லத்தீனும் உட்கார்ந்துவிட்டன. மற்ற மடங்களில் இந்த ஆங்கில நாட்குறிப்பு ஒவ்வொன்றாக நின்றுபோனது. பீட்டர்பரோவில் மட்டும் 1154 வரை ஓடியது. கடைசிப் பக்கங்களைப் பார்த்தால் வேற்றுமை உருபுகள் உதிர்ந்து, வாக்கிய அமைப்பு மாறி, ஒரு மொழி கண்ணெதிரே இன்னொன்றாக ஆவது தெரியும் என்கிறார்கள் மொழியியலாளர்கள். அந்த ஏடு இப்போது ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

அதில் 1140ஆம் ஆண்டுப் பதிவில் ஒரு சின்னச் சொல் வருகிறது: 'ஸ்கே' மாதிரி எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இன்று 'ஷீ' என்று சொல்கிறோமே, அவள், அதன் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று அது. யாரைக் குறிக்கிறது தெரியுமா? மட்டில்டாவை. முதலாம் ஹென்றியின் மகள். தந்தைக்குப் பின் அரியணை தனக்குத்தான் என்று போரிட்டவர். லண்டன் வரை வந்தும் முடிசூட்டிக்கொள்ள முடியாமல், மக்கள் பிடிக்க வந்ததும் தப்பியோடியவர். அரசி என்ற பட்டம் அவருக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை. 'ஆங்கிலேயரின் சீமாட்டி' என்றுதான் போட்டுக்கொண்டார். பட்டம் மறுக்கப்பட்ட ஒரு பெண்ணைக் குறிக்க ஒரு புதிய பிரதிப்பெயரை எழுதிய மடம், நானூறு வருடம் கழித்துப் பட்டம் பறிக்கப்பட்ட இன்னொரு பெண்ணுக்கு இடம் கொடுத்தது. தற்செயல்தான். ஆனாலும் செம தற்செயல்.

*

காதரீனைப் பற்றிப் பொதுவாக இரண்டு சித்திரங்கள் உண்டு. ஒன்று, கைவிடப்பட்டும் கணவனையே நினைத்து உருகிய பத்தினி. இன்னொன்று, வீம்புக்காரி. இரண்டிலுமே அரசியல் காணாமல் போய்விடுகிறது.

அவருடைய அம்மா காஸ்டீலின் இசபெல்லா. கணவன் தயவில் அல்ல, சொந்த உரிமையில் ஆண்டவர். இசபெல்லாவும் ஃபெர்டினாண்டும் 1492இல் கிரனடாவைப் பிடித்தபோது காதரீனுக்கு ஆறு வயது. கிரனடா என்றால் மாதுளை. அந்த மாதுளையைத் தன் சின்னமாக வைத்துக்கொண்டார். 1513இல் ஹென்றி பிரான்சில் சண்டைக்குப் போனபோது இங்கிலாந்தின் ஆட்சிப் பொறுப்பு காதரீன் கையில் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஸ்காட்லாந்து படையெடுத்து வந்து ஃப்ளாடன் களத்தில் தோற்றது. அதன் அரசன் நான்காம் ஜேம்ஸ் அங்கேயே செத்தான். ஆகவே ஒரு பெண் நாட்டை ஆள முடியுமா என்ற கேள்வி ஹென்றிக்குத்தான் இருந்தது. அவருக்கு இல்லை.

பிறந்த குழந்தைகளில் பிழைத்து வளர்ந்தவள் 1516இல் பிறந்த மகள் மேரி மட்டும். மகன் வேண்டும் என்று ஹென்றி நினைத்தான், கூடவே ஆன் பொலினும் வேண்டும். அண்ணன் மனைவியை மணந்தது பாவம், அதனால்தான் மகன் இல்லை என்று பைபிளைக் காட்டினான். அந்தத் திருமணத்துக்கு போப் இரண்டாம் ஜூலியஸ் 1503லேயே விலக்கு அளித்திருந்தார். ஆர்தரோடு தனக்கு உடலுறவே நடக்கவில்லை என்று காதரீன் சொன்னார், கடைசிவரை மாற்றிச் சொல்லவில்லை. 1529இல் லண்டன் பிளாக்ஃப்ரையர்ஸில் விசாரணை நடந்தபோது முழு சபைக்கு முன் ஹென்றியின் காலடியில் மண்டியிட்டுத் தன் தரப்பைப் பேசிவிட்டு, கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் வெளியேறினார்.

நியாயமாக ஒரு எதிர்வாதத்தையும் வைக்க வேண்டும். 1528இல் ஒரு வழி திறந்திருந்தது. அவர் கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டால் பிரச்சினை சத்தமில்லாமல் முடியும் என்று போப்பின் தூதர் கர்தினால் கம்பெஜியோ எடுத்துச் சொன்னார். அப்படிப் போயிருந்தால் மேரியின் வாரிசு உரிமையும் தப்பியிருக்கும், இங்கிலாந்து ரோமிலிருந்து பிரிந்திருக்கவே வேண்டாம் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். ஹென்றி வாக்கைக் காப்பாற்றும் ஆளாக இருந்திருந்தால். அவன் ராஜ்யத்தில் அந்த மாதிரி வாக்குகளை நம்பியவர்களின் பட்டியல் அவ்வளவு தெம்பு தருவதில்லை.

எது எப்படியோ, 1533 ஜூலையில் நிலைமை வேறு. மே மாதமே ஆர்ச்பிஷப் கிரான்மர் திருமணம் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஜூன் 1ஆம் தேதி ஆன் பொலினுக்கு முடிசூட்டு விழா. இனி அந்தப் பட்டத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். 'பிரின்சஸ் டவேஜர்' என்று ஒத்துக்கொண்டால், தான் ஹென்றிக்கு மனைவியாக இருந்ததே இல்லை என்று ஒத்துக்கொண்டதாகும். அப்போது மேரி முறைப்படி பிறக்காதவள். பேனாவால் அவர் அடித்தது தன் பட்டத்தை மட்டும் இல்லை, மகளின் பிறப்புச் சான்றிதழில் விழ இருந்த ஒரு வரியையும் சேர்த்துத்தான். அவர் பயந்தது மறுவருடமே வாரிசுச் சட்டமாக நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

அடித்ததற்கு விலை இருந்தது. 1531க்குப் பிறகு அம்மாவையும் மகளையும் சந்திக்கவே விடவில்லை. மாளிகை மாளிகையாக மாற்றினார்கள். ஒவ்வொன்றும் முந்தையதை விட ஈரம், முந்தையதை விடத் தொலைவு. பணியாட்கள் புதிய பட்டத்தின் பேரில் சத்தியம் செய்ய வேண்டும் என்றார்கள். அப்படிச் சத்தியம் செய்தவர்கள் கையால் எதுவும் வாங்க மாட்டேன் என்றார் காதரீன். 1533 டிசம்பரில் பக்டனிலிருந்து அவரை இடம்மாற்ற சஃபோக் கோமகன் ஆட்களோடு வந்தபோது அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார். வெளியே அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் அரிவாளும் கவைக்கோலுமாகச் சும்மா வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம். கோமகன் வந்த வேலை முடியாமலே திரும்பினார்.

சமரசம் செய்துகொண்டிருந்தால் மகளைப் பார்த்திருக்கலாம் இல்லையா என்று எனக்குத் தோன்றியதுண்டு. ஒரு சொல்தானே, வாயால் சொல்லிவிட்டு மனதுக்குள் வேறு வைத்துக்கொள்ளக் கூடாதா? ஆனால் அவர் எதிராளிக்குத் தேவைப்பட்டதும் அந்த ஒரு சொல்தான். அவ்வளவு சாதாரணமான சொல்லாக இருந்தால் அதை வாங்க இத்தனை ஆட்கள் ஏன் வர வேண்டும்?

*

கடைசி இடம் கிம்போல்டன் கோட்டை. 1536 புத்தாண்டு மாலையில் குதிரையில் ஒரு பெண் வந்து கதவைத் தட்டினார். மரியா டி சலினாஸ். சிறு வயதில் ஸ்பெயினிலிருந்து காதரீனோடு வந்த தோழி. உள்ளே நுழைய அனுமதிக் கடிதம் வேண்டும். வழியில் குதிரையிலிருந்து விழுந்துவிட்டேன், கடிதம் பின்னால் வருகிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டார். அப்படி ஒரு கடிதமே கிடையாது. ஸ்பெயின் தரப்புத் தூதர் ஷாபுயியும் வந்து சில நாள் இருந்தார். ஜனவரி 7ஆம் தேதி காதரீன் இறந்தார். மேரியை அனுப்பவில்லை.

தன்னை அப்சர்வன்ட் ஃபிரான்சிஸ்கன் துறவியரின் மடம் ஒன்றில் புதைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அந்தத் துறவியரின் மடங்களை ஹென்றி 1534லேயே மூடிவிட்டிருந்தான். ராஜா தேர்ந்தெடுத்தது பீட்டர்பரோ. பக்கத்தில், தோதாக, லண்டனிலிருந்து எட்டத்தில். சுமார் 40 கிலோமீட்டர் ஊர்வலம், நடுவே சாட்ரி மடத்தில் ஓர் இரவு. ஜனவரி 29இல் அடக்கம். கொடிகளில் ஸ்பெயினின் சின்னமும் ஆர்தரின் வேல்ஸ் சின்னமும் இருந்தன, இங்கிலாந்து அரசியின் சின்னம் இல்லை. அரசியாக அடக்கம் செய்யப்போவதில்லை என்று தெரிந்ததும் ஷாபுயி வர மறுத்துவிட்டார். ஹென்றியும் வரவில்லை. பிரசங்கம் செய்த பிஷப் ஹில்ஸி, தான் ஒருபோதும் அரசியாக இருந்ததில்லை என்று சாகும்போது காதரீனே ஒத்துக்கொண்டார் என்றாராம். ஷாபுயி கோபத்தோடு இதை எழுதி வைத்திருக்கிறார். உயிரோடு இருந்தவரை வாங்க முடியாத கையெழுத்தைச் சவப்பெட்டியிடம் வாங்கிவிட்டார்கள்.

மூன்று வருடத்தில் மடமே போனது. இங்கிலாந்தின் மடங்கள் எல்லாவற்றையும் ஹென்றி கலைத்துக்கொண்டிருந்தான். 1539 நவம்பரில் பீட்டர்பரோவும் சரணடைந்தது. பெரும்பாலான மடங்களின் கூரை ஈயத்தை உருக்கி விற்றார்கள், கற்கள் வீடு கட்டப் போயின. பீட்டர்பரோவுக்கு அந்தக் கதி வரவில்லை. 1541இல் ஹென்றி அதைப் பேராலயமாக மாற்றினான். மடாதிபதியாக இருந்த ஜான் சேம்பர்ஸ் முதல் பிஷப் ஆனார். முன்னாள் மனைவிக்கு நினைவிடமாக இருக்கட்டும் என்றுதான் ராஜா விட்டுவைத்தான் என்று ஊரில் ஒரு கதை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலகட்டத்தில் ஹென்றி ஆறு புதிய மறைமாவட்டங்களை உருவாக்கினான். குளோஸ்டர், செஸ்டர், பிரிஸ்டல் எல்லாம் அப்படி மாறியவைதான். அங்கெல்லாம் எந்த மனைவியும் புதைந்திருக்கவில்லை. ஒரு மண்டலத்துக்கு ஒரு நிர்வாகத் தலைமை, எதிர்க்காத ஒரு மடாதிபதி, ஏற்கனவே கட்டி முடித்த பெரிய கட்டடம். காரணம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நினைவிடம் என்று சொல்வதற்கு முதலில் யாருடைய நினைவிடம் என்று சொல்ல வேண்டும். ஹென்றி கடைசிவரை அதைச் சொல்லவில்லை.

*

பேராலயத்தின் மேற்குச் சுவரில் ஒரு ஓவியம் இருக்கிறது. தாடிக்கார முதியவர், கையில் மண்வெட்டி, இடுப்பில் சாவிக்கொத்து, நாய்களை விரட்ட ஒரு சாட்டை, காலடியில் மண்டையோடு. ராபர்ட் ஸ்கார்லெட். இந்த ஊரின் குழி வெட்டுபவர். 1594இல் தொண்ணூற்றெட்டு வயதில் இறந்தார். இப்போது அங்கே இருப்பது 18ஆம் நூற்றாண்டில் பழையதைப் பார்த்து வரைந்த நகல். கீழே உள்ள செய்யுள், இவர் இதே இடத்தில் இரண்டு அரசிகளைப் புதைத்தார், இந்த ஊர்க் குடும்பங்களை இரண்டு தலைமுறை புதைத்தார் என்கிறது. அந்தச் செய்யுளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கொடியில் என்ன சின்னம் இருந்தது, பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அதில் இல்லை. இரண்டு அரசிகள். முடிந்தது. அரசாங்கமே மறுத்த பட்டத்தை ஒரு குழி வெட்டுபவரின் கணக்கு இயல்பாகக் கொடுத்துவிட்டது.

இரண்டாவது அரசி ஸ்காட்லாந்தின் மேரி. ஃப்ளாடனில் செத்த நான்காம் ஜேம்ஸின் பேத்தி. முதலாம் எலிசபெத்தின் கைதியாகப் பத்தொன்பது வருடம் இருந்து, பீட்டர்பரோவுக்கு அருகில் ஃபாதரிங்கே கோட்டையில் 1587 பிப்ரவரி 8இல் தலை வெட்டப்பட்டவர். பிரான்சில் தன் தாயின் அருகே புதையுங்கள் என்று கேட்டிருந்தார். மறுபடியும் இல்லை என்றே பதில். ஈயப்பெட்டியில் உடல் ஏறக்குறைய ஆறு மாதம் கோட்டையிலேயே கிடந்தது. பிறகு ஜூலைக் கடைசியில் ஓர் இரவில் தீவட்டி வெளிச்சத்தில் கொண்டுவந்து, ஆகஸ்ட் 1இல் அரச மரியாதையோடு சடங்கு செய்தார்கள். காதரீன் வடபக்கம், மேரி தென்பக்கம். முதல் குழி வெட்டும்போது ஸ்கார்லெட்டுக்கு நாற்பது வயது, இரண்டாவதுக்குத் தொண்ணூறு தாண்டியிருக்கும்.

அடுத்து நடந்ததுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. மேரியின் மகன் ஆறாம் ஜேம்ஸ், எலிசபெத்துக்குப் பிறகு இங்கிலாந்துக்கும் ராஜா ஆனான். 1612இல் அம்மாவின் உடலைத் தோண்டி எடுத்து லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குக் கொண்டுவர உத்தரவிட்டான். இன்று அங்கே அவருக்குப் பளிங்குச் சிலையோடு பிரம்மாண்டமான கல்லறை இருக்கிறது. பீட்டர்பரோவில் மிச்சம் இருப்பது ஒரு காலி இடம். இருபத்தைந்து வருடம் தாமதம்தான், ஆனாலும் ஒரு மகன் செய்தான்.

காதரீனின் மகளும் ஆட்சிக்கு வந்தவள்தான். 1553இல் மேரி டியூடர் அரியணை ஏறினாள். இங்கிலாந்தில் முழு உரிமையோடு முடிசூடிய முதல் பெண் அவள் என்று சொல்லலாம். மட்டில்டாவுக்குக் கிடைக்காதது, இசபெல்லாவின் பேத்திக்குக் கிடைத்தது. வந்ததும் முதல் நாடாளுமன்றத்திலேயே அப்பா அம்மா திருமணம் செல்லும் என்று சட்டம் போட்டாள். ஆம்ப்ட்ஹில்லில் காதரீன் அடித்தது இருபது வருடம் கழித்துச் சட்டப்படியும் அடிபட்டது. மேரி ஆண்ட ஐந்து வருடம் வேறு பல காரணங்களுக்காக நினைவில் நிற்கிறது. சுமார் 300 புராட்டஸ்டன்ட்டுகளை உயிரோடு எரித்த ஆட்சி அது. அம்மாவுக்கு நடந்த அநியாயம் மகளுக்குக் கருணை கற்றுத்தந்துவிடும் என்றெல்லாம் சரித்திரத்தில் விதி கிடையாது.

1558இல் எழுதிய உயிலில் மேரி ஒரு வேண்டுகோள் வைத்தாள். பீட்டர்பரோவில் கிடக்கும் என் அம்மா காதரீன் அரசியின் உடலை எடுத்துவந்து என் கல்லறைக்கு அருகில் வையுங்கள் என்று. உயிலை நிறைவேற்ற வேண்டிய இடத்தில் அடுத்து வந்தவள் ஆன் பொலினின் மகள் எலிசபெத். யாரும் அந்த வேலையைத் தொடவில்லை. மேரி வெஸ்ட்மின்ஸ்டரில் புதைக்கப்பட்டாள். பின்னால் எலிசபெத்தையும் அதே இடத்தில் அவள் மேலேயே வைத்தார்கள். ஜேம்ஸ் கட்டிய அந்தக் கல்லறையில் சிலை எலிசபெத்துக்கு மட்டும். அக்கா அடியில் இருக்கிறாள் என்பது கீழே பொறித்த லத்தீன் வரியைப் படித்தால்தான் தெரியும்.

*

1643இல் உள்நாட்டுப் போரின்போது குரோம்வெல்லின் படை பீட்டர்பரோவுக்குள் புகுந்தது. வண்ணக் கண்ணாடிகள், பலிபீடத்தின் பின்சுவர், கல்லறைகள் எல்லாம் உடைந்தன. காதரீனின் கல்லறையும் போனது. அதற்கப்புறம் 250 வருடம் அங்கே பெயர் சொல்லும்படி எதுவும் இல்லை.

1880களில் நடுக்கோபுரம் சரியும் நிலைக்கு வந்தது. முழுக்கப் பிரித்து, அஸ்திவாரத்தைப் புதிதாகப் போட்டுத் திரும்பக் கட்டினார்கள். அந்தப் புனரமைப்புக் காலத்தில் பேராலய குருமார்களில் ஒருவரின் மனைவி காதரீன் கிளேட்டன் ஒரு யோசனை சொன்னார். நாட்டில் காதரீன் என்று பெயர் வைத்திருக்கும் பெண்கள் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் தரட்டும், அரசிக்கு ஒரு கல் வைப்போம். கேட்டி, கேத்லீன், கேதரின் எல்லாரும் அனுப்பினார்கள். 1895இல் கருப்புக் கல் ஒன்று வைத்தார்கள். அந்தக் காசு கஜானாவிலிருந்து வந்ததில்லை. பெயரை மட்டும் பகிர்ந்துகொண்ட, முன்பின் தெரியாத பெண்கள் கொடுத்தது. பிறகு ஐந்தாம் ஜார்ஜின் மனைவி மேரி, ஓர் அரசிக்கு உரிய கொடிகளை அங்கே ஏற்ற ஏற்பாடு செய்தார். இங்கிலாந்தின் சின்னம், ஸ்பெயினின் சின்னம். 1536 அடக்கத்தில் இல்லாமல் போனது அப்போதுதான் வந்து சேர்ந்தது.

நான் போனபோது கல்லின் மேல் யாரோ இரண்டு மாதுளம்பழங்களை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொரு ஜனவரியும் அடக்க நாளை ஒட்டி இங்கே நினைவு வழிபாடு நடக்கிறது, பழங்களும் பூக்களும் சேர்கின்றன. மேலே கம்பித்தடுப்பில் தங்க நிறத்தில் பெரிய எழுத்துகள்: இங்கிலாந்து அரசி காதரீன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடினார்கள். அந்தப் பட்டத்தை இப்போது யாரும் தயங்காமல் படித்துவிடலாம்.

வடபக்கத்திலிருந்து தென்பக்கம் நடந்துபோய், ஸ்காட்லாந்து மேரி இருந்த இடத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு அறிவிப்பும் சில கொடிகளும் தவிர வேறொன்றும் இல்லை. மகன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான். எதிர்ப்பக்கம் காதரீன் அதே இடத்தில் இருக்கிறார். பட்டம் திரும்பி வந்துவிட்டது, கல் வந்துவிட்டது, கொடிகளும் வந்துவிட்டன. ஒரு மகள் தன் உயிலில் கேட்டது மட்டும், 1558லிருந்து, இன்னும் யாருக்கும் ஒதுக்கப்படாத வேலையாகவே திறந்து கிடக்கிறது.